“மூண்டு நாளா வருத்தம், டொக்டர்”: முகாம் பெண்மணி ஒருவரின் மாரடைப்பும் நான் கேட்காமல் விட்டதும்

கடலூர் மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். 2024-இல் நடந்தது இது. நோயாளியிடமும் அவர் மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்களை மாற்றவில்லை. தவறு என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பின்னணி

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அலை அலையாக வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு முழுக்க அமைத்த முகாம்களில் சில நம் மாவட்டத்திலும் உண்டு, குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை பக்கமெல்லாம் போனவர்களுக்குத் தெரியும். 2021-இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. மாதாந்திரப் பணக்கொடையும் அப்போதுதான் உயர்ந்தது, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. இந்தத் தொகையை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

எங்கள் நிலையத்துக்கு வரும் முகாமில் ஆண்கள் பெரும்பாலும் பெயின்டர்கள், சாரம் கட்டி ஊர் ஊராகப் போகிறவர்கள். பெண்களில் பலர் முந்திரி உடைக்கப் போகிறார்கள், தோல் எண்ணெய் பட்டுப் பொசுங்கிய விரல்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முகாமிலேயே பிறந்த பிள்ளைகள் வாசலைத் தாண்டினால் நம் கடலூர்த் தமிழ் பேசுவார்கள், உள்ளே போனால் இலங்கைத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அதனால் ஓ.பி.யில் மொழிப் பிரச்சினை என்று ஒன்று இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை. சிப்காட் பக்கம் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பையன்கள் வந்தால் ஆளைத் தேடுவோம், இந்தி தெரிந்த யாரையாவது கூப்பிடுவோம். முகாம்காரர்களுக்கு எதற்கு ஆள், தமிழ்தானே?

நோயாளிக்கு 61 வயது. 1990-இல் மன்னார்ப் பக்கமிருந்து கைக்குழந்தையோடு படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை, ஐந்து வருடமாக ரத்த அழுத்தம். மாத்திரைகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வழியாக வீட்டுக்கே வந்துவிடும், எப்போதாவது நேரில் வருவார். வந்தால் மகளும் கூடவே வருவார், பேசுவதெல்லாம் மகள்தான். மகள் செய்து கொண்டிருந்தது மொழிபெயர்ப்பு என்பது அவர் வராத அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் அங்கே சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. திருச்சிப் பக்கத்துக்காரி, இலங்கைத் தமிழைச் சினிமாவில் கேட்டதோடு சரி.

அன்று காலை ஓ.பி.யில்

செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் சீசன், பதினொரு மணிக்குள் தொண்ணூறு சீட்டு தாண்டிவிடும் நாள். 9.20-க்குச் சீட்டு வாங்கியவர் என் மேசைக்கு வரும்போது 9.50. தனியாக வந்திருந்தார். அவர் சொன்னதைப் பின்னால் அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்:

“மூண்டு நாளா வருத்தம் டொக்டர். நெஞ்சு பாரமாக் கிடக்கு. நடந்தாக் களைக்குது. இண்டைக்கு விடிய ரெண்டு தரம் சத்தி. ஒண்டும் ஏலாமக் கிடக்கு பிள்ளை.”

ஓ.பி. சீட்டில் நான் எழுதியது: மூன்று நாளாகக் கவலை, மனபாரம், அசதி, சத்து ஊசி கேட்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் ஊரில் வருத்தம் என்றால் நோய். களைக்குது என்றால் மூச்சு வாங்குகிறது. சத்தி என்றால் வாந்தி. அதாவது அவர் சொன்னது, மூன்று நாளாக உடம்பு சரியில்லை, நெஞ்சில் பாரம், நடந்தால் மூச்சு வாங்குகிறது, விடியற்காலையில் இரண்டு முறை வாந்தி. ஒன்பது வருடச் சர்க்கரை நோயாளி இப்படிச் சொன்னால் மூன்றாம் வருட மாணவர்கூட ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். எனக்குக் கேட்டதோ ஒரு வயதான அம்மாவின் துக்கம். சத்து ஊசி போடச் சொல்லி வாரத்துக்குப் பத்துப் பேராவது வருவார்கள், அந்தக் கணக்கில் இவரையும் சேர்த்துவிட்டேன்.

சொல் புரியாதது மட்டும்தான் காரணம் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் மனநலப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தேன், இடம்பெயர்ந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகம், உடம்பு நோவாக வெளிப்படும், கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான், முகாமில் அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முகாமிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தாலே என் தலைக்குள் போரும் படகும் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே கதையை நான் எழுதி முடித்திருந்தேன், ‘வருத்தம்’ என்ற சொல் அதில் வந்து கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது.

நெஞ்சு வலி இருக்கா என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. “வலி இல்லை, பாரம்தான்” என்றார். சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்திருந்தால் மாரடைப்பில் வலி தெரியாமலே போகலாம், பெண்களுக்கு மூச்சு வாங்கலும் வாந்தியும் மட்டும் வரலாம் என்பதெல்லாம் பாடம். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. மேமூச்சு வாங்குதா என்று கேட்டிருந்தால் ஒருவேளை ஆமாம் என்றிருப்பார், ‘களைக்குது’ என்று அவரே சொல்லிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்க, நான் கேட்கவே இல்லை.

சிஸ்டர் பார்த்து எழுதிய ரத்த அழுத்தம் 104/60. முந்தைய பதிவுகளில் எல்லாம் 150-க்குக் குறைந்ததில்லை. நாடித்துடிப்பு 54, அதுவும் குறைவு. இரண்டும் சீட்டில் என் கண்ணெதிரே இருந்தன. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு: இரைப்பைக்கு ஒரு மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ், வியாழக்கிழமை மனநல ஆலோசகர் வரும்போது வந்து பார்க்கச் சொல்வது. “எதையும் மனசுல போட்டுக்காதீங்கம்மா, யாருகிட்டயாவது பேசுங்க” என்று ஒரு அறிவுரையும் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும்.

மருந்து ஜன்னலில்

மருந்து வாங்கும் வரிசையில் அவரால் நிற்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் முறை வரும்போது 10.30 ஆகிவிட்டது. மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு மருந்தாளுநரிடம் கேட்டாராம், “இந்தக் குளிசை நெஞ்சு வருத்தத்துக்கோ தம்பி?”

மருந்தாளுநர் இந்த நிலையத்தில் பதினெட்டு வருடம் இருப்பவர். குளிசை என்றால் மாத்திரை என்பதும் வருத்தம் என்றால் என்ன என்பதும் அவருக்கு எப்போதோ பழகிப்போன விஷயம். முகத்தைப் பார்த்திருக்கிறார், வேர்த்திருந்தது. சீட்டைப் பார்த்திருக்கிறார், நெஞ்சைப் பற்றி ஒன்றுமில்லை. ஜன்னலை மூடிவிட்டு நேராக என் அறைக்கு வந்தார்.

“மேடம், அந்த அம்மா நெஞ்சு நோய்ங்கிறாங்க. விடியக்காலைல ரெண்டு தடவை வாந்தி எடுத்திருக்காங்களாம். நீங்க வேற என்னவோ எழுதியிருக்கீங்க.”

வரிசையில் நின்றவர்கள் எதிரிலேயே சொன்னார். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஒரு நிமிடம் தாமதித்துத் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று அப்போது தோன்றியது, அன்று மாலை யோசித்தபோது அந்த ஒரு நிமிடத்தையும் அவர் வீணாக்காதது எவ்வளவு சரி என்று பட்டது.

10.45-க்கு ஈ.சி.ஜி. எங்கள் மெஷின் பிரசவ அறைப் பக்கம் இருக்கிறது, அதை எடுத்து வரவே ஐந்து நிமிடம். இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. என்ற பகுதி மேலே ஏறி நின்றது. இதயத்தின் கீழ்ப்புறச் சுவரில் மாரடைப்பு. சர்க்கரை 268. தீவிரமாகத் தொடங்கியது வாந்தி வந்த நேரத்தில், அதாவது ஐந்து மணிவாக்கில் என்று எடுத்துக்கொண்டோம். வீட்டில் கழிந்தது நான்கு மணி நேரத்துக்கு மேல். அதற்குமேல் எங்கள் கட்டடத்துக்குள்ளேயே கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

எடுத்த முடிவுகளும் ஏன் என்பதும்

முதலில் லோடிங் டோஸ், அதாவது மாரடைப்பு என்று தெரிந்தவுடன் ஒரேயடியாகக் கொடுக்கும் முதல் மருந்து. 2023-இல் இருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இது தயாராக இருக்கிறது, ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8, ஆக மொத்தம் 14 மாத்திரை. வாந்தி எடுத்தவர் என்பதால் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னோம், மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். நல்ல வேளை, வெளியே வரவில்லை.

சிஸ்டர் பழக்கத்தில் நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை எடுத்தார். வேண்டாம் என்றேன். கீழ்ப்புறச் சுவர் மாரடைப்பில் இதயத்தின் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கலாம், அப்படியிருந்தால் சார்பிட்ரேட் அழுத்தத்தைப் பாதாளத்துக்குக் கொண்டுபோய்விடும், ஏற்கெனவே 100-ஐ ஒட்டித்தான் நின்றது. நரம்பில் ஊசி போட்டு உப்பு நீர் ஏற்றத் தொடங்கினோம். அன்றைக்கு நான் சரியாகச் செய்தவற்றில் இது ஒன்று.

அடுத்து, எங்கே அனுப்புவது. நோயாளியின் மருமகன் சென்னையில் பெயின்ட் வேலையில் இருந்தார், போனில் பிடித்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, “ஜிப்மருக்கே கொண்டு போயிடுங்க மேடம்.” கடலூர் மாவட்டத்தில் கொஞ்சம் கடுமையாக உடம்பு முடியாமல் போனால் எல்லார் வாயிலும் வரும் பெயர் புதுச்சேரியில் இருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிதான், தப்பில்லை. ஆனால் அதைவிடக் கிட்டத்தில், ரத்தக்குழாயை அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடக்கூடிய அரசு மருத்துவமனை ஒன்று இருந்தது. அந்த ஊசி முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அதிலும் முதல் சில மணி நேரத்தில் போட்டால் கிடைக்கும் பலன் பின்னால் கிடைக்காது. நாம் ஏற்கெனவே ஆறு மணி நேரத்தைத் தொடுகிறோம். முதலில் ஊசி, ஆஞ்சியோவை அதன் பிறகு பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். ஈ.சி.ஜி.யைப் படமெடுத்து அங்கே பணியிலிருந்த மருத்துவருக்கு அனுப்பிவிட்டு 108-க்குச் சொன்னோம்.

வர மாட்டேன் என்றது

இங்கேதான் எதிர்பார்க்காத முட்டுக்கட்டை. ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது அவர் ஏற மறுத்தார். “இண்டைக்கு ஏலாது. நாளைக்குப் போறன்.”

பயம் என்று நினைத்தேன், செலவு என்று நினைத்தேன். மாரடைப்பு என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம் குடும்பங்களும் உண்டு, காசு கேட்க மாட்டார்கள் என்றேன். அசையவில்லை. கடைசியில் எங்கள் ஆயாதான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை வாங்கினார். மறுநாள் காலை முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாள். அந்த நேரத்தில் இல்லாவிட்டால் பதிவில் பெயர் போய்விடும், மாதப் பணம் நின்றுவிடும் என்ற பயம். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தக் கணக்கெடுப்பைத் தவறவிடாமல் இருந்தவர்.

எனக்கு அது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் விஷயமாகத் தெரிந்தது. அவருக்கு அது பணம் மட்டுமில்லை, இந்த நாட்டில் அவர் இருக்கிறார் என்பதற்கு இருக்கும் ஒரே ஆதாரம். அதை நான் வாதாடி ஜெயிக்க முடியாது. முகாம் தலைவருக்குப் போன் போட்டோம், அவர் வருவாய் ஆய்வாளரிடம் பேசிவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார், மருத்துவமனைச் சீட்டு இருந்தால் போதும், ஒன்றும் ஆகாது என்று. ஸ்பீக்கரில் போட்டு அவர் காதுக்கே கேட்க வைத்தோம். “அப்ப சரி” என்று எழுந்துவிட்டார். பதினைந்து நிமிடம் போனது.

முந்திரி உடைக்கும் இடத்தில் வேலை நேரத்தில் போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள். மகளுக்குச் செய்தி போகும்போது அம்மா ஐ.சி.யு.வில் இருந்தார்.

அதன் பிறகு

12.25-க்கு அந்த ஊசியை, ஸ்ட்ரெப்டோகைனேஸை, ஏற்றினார்கள். மதியத்துக்குள் பாரம் குறைந்தது, ஈ.சி.ஜி.யிலும் எஸ்.டி. பாதிக்கு மேல் இறங்கியது. நான்காம் நாள் ஆஞ்சியோ, வலது பக்க ரத்தக்குழாயில் அடைப்பு, ஒரு ஸ்டென்ட். காப்பீட்டில்தான் நடந்தது, ஆனால் முகாம் அட்டையில் ஒரு மாதிரியும் காப்பீட்டு அட்டையில் வேறு மாதிரியும் பெயர் எழுதியிருந்ததால் அரை நாள் இழுத்தது. எட்டாம் நாள் வீடு. எக்கோவில் இதயம் வெளியேற்றும் அளவு 48 சதவீதம். சுமாருக்கு மேல், முழுசாக இல்லை. ஒரு மணி நேரம் முன்னால் ஊசி போயிருந்தால் இது எவ்வளவு இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

மூன்றாவது வாரம்

கதை இங்கே முடிந்தது என்று நானும் நினைத்தேன். மூன்றாவது வாரம் முகாம் பக்கம் போனபோது வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். நன்றாக இருந்தார். மாத்திரைப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். சர்க்கரை மாத்திரை இருந்தது, பிரஷர் மாத்திரை இருந்தது. க்ளோபிடோக்ரலும் ஆஸ்பிரினும் தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

ஸ்டென்ட் வைத்த முதல் மாதத்தில் இதை நிறுத்துவது விளையாட்டில்லை, ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அவருக்கு அது தெரியாது. வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் அக்கா வந்துவிட்டுப் போயிருந்தார், ‘எல்லாக் குளிசையும் வந்திட்டுது’ என்று இவர் நினைத்துக்கொண்டார். அந்த அக்காவின் பையில் இருப்பது பிரஷர், சர்க்கரைக்கானவைதான், புதிய மாத்திரைகளைப் பெரிய ஆஸ்பத்திரியில் போய் வாங்க வேண்டும், அதற்கு மகள் ஒரு நாள் கூலியை விட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘15 நாள் கழித்து வரவும்’ என்று எழுதியிருந்தது. மகள் கேட்டார், “அம்மாக்குச் சுகமெண்டால் எதுக்கு வரவேணும் எண்டு நினைச்சிட்டம் மேடம்.”

அன்றைக்கே நிலையத்திலிருந்து கொடுத்து அனுப்பினோம். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் பேசி, அவர்கள் எழுதித் தரும் மாத மருந்தை எங்கள் நிலையத்திலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தோம். இதை டிஸ்சார்ஜ் ஆன அன்றே செய்திருக்க வேண்டும், சீட்டு என் கைக்கு வந்ததே பத்து நாள் கழித்துத்தான்.

மாற்றியதும் மாற்ற முடியாததும்

நாற்பது வயதுக்கு மேல், சர்க்கரை உள்ளவர், தொப்புளுக்கு மேல் எந்தத் தொந்தரவு சொன்னாலும் என் மேசைக்கு வருமுன் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்று சிஸ்டர்களிடம் சொல்லிவிட்டேன். மெஷின் இப்போது ஓ.பி. பக்கத்து அறைக்கு வந்துவிட்டது. மருந்து ஜன்னலிலிருந்தோ ஆயாவிடமிருந்தோ ‘இவரை இன்னொரு தடவை பாருங்க’ என்று வந்தால் கேள்வி கேட்காமல் வரிசையை நிறுத்துவது என்றும் முடிவு. மனநலக் கேள்விகளை விட்டுவிடவில்லை, அவை உடம்பைப் பார்த்து முடித்த பிறகு.

அப்புறம் அந்தச் சொற்பட்டியல். மருந்தாளுநரும் ஆயாவும் சொல்லச் சொல்ல ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தோம். வருத்தம், குளிசை, சத்தி, களைக்குது, நாரி என்றால் இடுப்பு, முட்டு என்றால் இளைப்பு, அம்மாள் வருத்தம் என்றால் அம்மை, வயித்தால போகுது என்றால் பேதி. பதினெட்டு வருடமாக இந்தச் சொற்கள் இதே கட்டடத்துக்குள் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தன. எனக்கு முன்னால் இருந்த மருத்துவர்களும் ஒவ்வொருவராகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, மாறுதலாகிப் போகும்போது கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மாறாததும் உண்டு. மூன்று நிமிடம் இன்னும் மூன்று நிமிடம்தான். மகளுக்குக் கூலி நாள் இன்னும் கூலி நாள்தான். கணக்கெடுக்கும் நாளுக்கு முந்தின நாள் முகாமிலிருந்து யாரையாவது ரெஃபர் செய்ய வேண்டி வந்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும், முகாம் தலைவர் நம்பர் மட்டும் கைவசம் இருக்கிறது.

ஆறாவது மாதம் செக்கப்புக்கு வந்தபோது இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கோ என்றார். மகள் சிரித்துக்கொண்டே சொன்னார், அன்றைக்கு ஆம்புலன்ஸில் ஏறும்போது தெரிந்த ஒருவர் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அம்மா ‘முதல் டொக்டர் பேசிப்போட்டா, பிறகு நல்லாப் பார்த்தவ’ என்றாராம். நான் பேசியது அவருக்குப் பிடித்திருந்ததாக்கும் என்று சந்தோஷப்பட்டேன். ஆயா என் பேனாவை வாங்கி அட்டையின் கடைசியில் எழுதினார்: பேசிப்போட்டா, திட்டிவிட்டார்.